முந்தின வீட்டு ஓனரம்மா

அவளை எல்லோரும் ஓனரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து அவள் பெயரில் ஒரு செங்கல்கூடக் கிடையாது. பட்டப்பெயரை வைத்தவர் அவள் வேலை பார்க்கும் ஆபீசை நடத்தும் வீட்டுப் புரோக்கர். வைத்தது வேலைக்காக.

வேலை இதுதான். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், வருகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று முந்தின வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். முந்தின ஓனர்களில் பாதிப் பேர் போனை எடுக்க மாட்டார்கள். எடுக்கிறவர்களோ, நல்ல குடித்தனக்காரர் கையைவிட்டுப் போகிறாரே என்ற எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். புரோக்கர் பார்த்தார். "முந்தின ஓனரை நாமளே வெச்சுக்கிட்டா என்ன?" என்று ஒரு பட்டன் போனை வாங்கி இவள் கையில் திணித்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்த போன் அடித்தால், கடகடவென்று பேசுகிற இவள் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுபது வயது அம்மாளாகிவிடுவாள். மூக்கால் கொஞ்சம், நிதானம் நிறைய, நடுநடுவே ஒரு இருமல்.

"ஆமாங்க... எங்க வீட்டுலதான் இருந்தாங்க... தங்கமான குடும்பம். ஒண்ணே ஒண்ணு, அவரு சிரிச்சா தெருமுனை வரைக்கும் கேக்கும்."

அந்த 'ஒண்ணே ஒண்ணு'வில்தான் தொழிலே இருக்கிறது. குறையே இல்லாத மனுஷன் என்றால் எந்த ஓனரும் நம்ப மாட்டார். கன்னத்து மச்சம் மாதிரி, வலிக்காத ஒரு குறையை வைத்தே அனுப்ப வேண்டும்.

நிஜ ஓனர்களும் அவள் வாயில் தப்ப மாட்டார்கள். ஆபீசில் சாப்பாட்டு வேளைக்கு அவள்தான் ரேடியோ. "ஆணி அடிக்கக்கூடாதுங்க. காலண்டரா? கையில புடிச்சுக்குங்க." அடுத்த நொடி வேறு குரல். "விருந்தாளி வருவாங்களா? வந்தா பாத்ரூம் போவாங்களா?" அதற்கடுத்து, ரொம்ப மரியாதையாக, தேன் தடவி: "தனியா இருக்கற வயசானவங்களுக்கு நாங்க குடுக்கறதில்லைங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது, சொல்லுங்க?" புரோக்கர் புரையேறித் தலையைத் தட்டிக்கொள்வார்.

சிரித்து முடித்ததும் அவருக்குப் பெருமூச்சு வரும். "அப்பல்லாம் என்கிட்ட வாடகைக்கு வீடு கேட்டு வர்றவன் புது மாப்பிள்ளையா இருப்பான், தங்கச்சி. ரெண்டு வருஷம் இருப்பான், மூணு வருஷம் இருப்பான், அப்புறம் சொந்தமா கட்டிக்கிட்டுப் போயிடுவான். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவான், நானும் போய்ச் சாப்பிட்டு வருவேன். இப்ப அதே ஆளோட பையன் வர்றான். கூடவே மாமனாரும் வர்றாரு, அவருக்கும் வாடகைக்குத்தான் வீடு வேணுமாம்!"

மாமனார் கதையைக் கேட்டுச் சிரிக்க அவளுக்குத் தனிக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா ஒரு ஆணித் தொழிற்சாலையில் ஃபோர்மேன். நாற்பது வயதுக்குள் சொந்தமாக வீடு கட்டியவர். அவர் போன பிறகு மூன்று பிள்ளைகளும் வீட்டை விற்றுப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பங்கை வைத்துக்கொண்டு, எந்த ஊரிலும் வீட்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விற்பதில்லை என்பதைக் கற்றுக்கொண்டாள். கணவர் லிப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அடுக்குமாடிகளில் ஏறி இறங்குகிற மனிதர், எந்த மாடியிலும் ஒரு சதுர அடி இல்லாதவர். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். விவரம் தெரிந்த நாளிலிருந்து வீடு மாறிக்கொண்டே இருந்ததில், அந்தப் பெண் புத்தகங்களை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்குவதையே விட்டுவிட்டாள். "எதுக்கும்மா? அதுங்களும் எப்ப வேணா கிளம்பணும்" என்பாள்.

இந்த நிலையில்தான் அவர்கள் குடியிருந்த வீடு கைமாறியது. வீடு மட்டுமா, அந்த வரிசையே கைமாறியது. முன்பு வாசலுக்கொரு ஓனர் உட்கார்ந்திருந்த தெருவில் இப்போது பாதி வீடுகளுக்கு ஒரே முதலாளி. அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. மேனேஜர் ஒருவன் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "காலி பண்ணிடுங்க, இடிக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுக்கிற ஆபீசில் இருந்துகொண்டு, அவள் தனக்கு ஒரு வீட்டுக்காக நாயாய் அலைந்தாள். கடைசியில் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கீழ்வீடு அமைந்தது. இரண்டு அறை, வெளிச்சமான சமையலறை, பின்னால் துணி காய ஒரு சந்து. மாடியில் ஓனர். அறுபத்தெட்டு வயது விதவை, ஒரே மகன் வெளியூரில். மாடியம்மா இவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எல்லாம் சரி. முந்தின வீட்டு ஓனர்கிட்ட ஒரு வார்த்தை பேசணுமே."

முந்தின ஓனர் என்று இவளுக்கு இருந்தது செருப்புக் கழற்றாத அந்த மேனேஜர்தான். அவனுக்கு இவர்கள் முகம்கூட நினைவிருக்காது. ஆபீசுக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவளைப் புரோக்கர் விநோதமாகப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, ஊருக்கெல்லாம் சொல்ற வாயி, உனக்குச் சொல்லாதா?"

"எனக்கு நானே சொல்லிக்கிறதா அண்ணே? அசிங்கமா இருக்காது?"

"வீடு இல்லாம நிக்கறதுதான் அசிங்கம். போனை எடு."

அன்று சாயங்காலம் மாடியம்மா கூப்பிட்டாள். இவள் செருமிக்கொண்டு, தன்னைப் பற்றித் தானே நல்ல வார்த்தை சொன்னாள். சொல்லச் சொல்ல நாக்கு ருசி கண்டுவிட்டது. எத்தனையோ பேருக்குச் சொன்னதையெல்லாம் இவளுக்கு யார் சொன்னார்கள்? "என் வயித்துல பொறந்த பொண்ணா நெனைச்சுட்டேன்மா அவளை. பத்து வருஷம்! அனுப்ப மனசே வரல." அளவு மீறிவிட்டது தெரிந்ததும் அவசரமாக மச்சத்தை வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு. மறதி ஜாஸ்தி. தண்ணி மோட்டாரைப் போட்டா அணைக்க மறந்துடுவா."

அத்தனை குறைகள் இருக்க, மோட்டாரைப் போய்ச் சொன்னாளே! பொதுவான மோட்டார், பொதுவான தொட்டி, மேலே காது தீட்டிக்கொண்டு ஒரு ஓனர். வீடு கிடைத்தது. குடிவந்த மறுநாள் காலையிலிருந்து மாடிப்படியில் குரல் இறங்கியது.

"ஏ பொண்ணே! மோட்டாரை அணைச்சியா?"

"அணைச்சுட்டேம்மா."

"நெஜமா அணைச்சியா? உன்னைப் பத்தித் தெரியும் எனக்கு!"

அதுவாவது பரவாயில்லை. அந்த வாரமே பட்டன் போன் அடித்தது. எடுத்தால் மாடியம்மா.

"அக்கா, நாந்தான். தொந்தரவு பண்ணலையே? உங்ககிட்டப் பேசினா மனசு லேசாகுது."

மாடியம்மாவுக்குப் பேச ஆளில்லை. அந்த வயதில், ஒரு வீட்டைக் கட்டி ஆளுகிற இன்னொரு பெண்பிள்ளையின் குரல் போனில் கிடைத்ததும் பிடித்துக்கொண்டுவிட்டாள். நேரில் பார்த்தால் 'ஏ பொண்ணே', போனில் 'அக்கா'. இவளும் நேரில் 'அம்மா', போனில் 'சொல்லும்மா தங்கச்சி'. போனை எடுக்காமல் இருந்தால் சந்தேகம் வரும். எடுத்துப் பேசினால் மாடிக்குக் கேட்கும். அதனால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாள்.

"பாருங்கக்கா, உங்க பொண்ணைப் பத்தி மறதின்னு சொன்னீங்களே, இப்பக்கூடக் கீழ தண்ணியைத் திறந்து விட்டுட்டு எங்க போனாளோ!"

சட்டென்று குழாயை மூடினாள்.

"ஆ, இப்ப நிறுத்திட்டா. ஆயுசு கெட்டி அவளுக்கு."

"கண்டிச்சு வையி தங்கச்சி," என்றாள் இவள் மூக்கால். "கண்டிக்காம விட்டா தலைமேல ஏறிடுவா."

கண்டித்தாள். மறுநாளே கண்டித்தாள். 'அக்கா'வே சொல்லிவிட்டதால் இரட்டிப்பாகக் கண்டித்தாள். கணவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "உலகத்துலயே தன்னைத் திட்டச் சொல்லித் தானே யோசனை குடுக்கற ஒரே ஆளு நீதான்." மகள் அம்மாவின் இருமலை அச்சாக இருமிக் காட்டினாள். அவர்களுக்குச் சிரிப்பு. இவளுக்கோ வீட்டுக்குள் வாயைத் திறக்கவே பயம். தன் சொந்தக் குரல் கொஞ்சம் நிதானமானால்கூட 'அக்கா' எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று, மாடியம்மா எதிரில் கீச்சுக் குரலில், மூச்சுவிடாமல் பேசினாள். இருமல் வந்தாலும் விழுங்கினாள். ஒரு மழைக்காலம் முழுக்க ஜலதோஷத்தோடு இருமாமல் வாழ்ந்து பார்த்தால் தெரியும் அந்த அவஸ்தை. வீட்டில் இருக்கும் நேரங்களில் பட்டன் போனைச் சத்தம் அடக்கி, சமையலறையில், உபயோகமில்லாத பழைய குக்கருக்குள் வைத்து மூடி வைத்தாள்.

போனை வைத்துவிட்டு ஓடவும் முடியாது. ஏனென்றால் மாடியம்மா ஒவ்வொரு முறையும் கடைசியில் அதைத்தான் கேட்பாள். "வருஷம் முடிஞ்சா இவங்களையே வெச்சுக்கட்டுமா, மாத்திடட்டுமாக்கா? நீங்க சொல்றதுதான்." மகளுக்குப் பரீட்சை முடிகிறவரையாவது இந்த வீடு வேண்டும். இவள் ஒவ்வொரு முறையும் இருமி, யோசிப்பதுபோல நடித்து, "வெச்சுக்கோ தங்கச்சி. புதுசா வர்றவங்க எப்படியோ" என்பாள். இப்படித் தன் வீட்டைத் தானே வாரா வாரம் மீட்டுக்கொண்டிருந்தாள்.

பேச்சோடு பேச்சாக மாடியம்மா, அக்காவின் வீட்டைப் பற்றிக் கேட்பாள். இவளும் சொல்வாள். முதலில் சமாளிப்பதற்காக ஒரு எலுமிச்சை மரம். பிறகு மாடியில் மேற்குப் பார்த்த ஜன்னல். பிறகு நான்கு குடித்தனம், நடுவில் முற்றம். யாரையும் காலி பண்ணச் சொல்லாத ஓனர். ஆபீஸ் இல்லாத மத்தியானங்களில் குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அந்த வீட்டைக் கட்டிக்கொண்டே போனாள். அதில் மட்டும் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

குளிர் ஆரம்பித்த ஒரு மத்தியானம் போன் வந்தது. மாடியம்மாவின் குரலில் புகார் இல்லை.

"அக்கா, உங்ககிட்டதான் சொல்றேன். கீழ இருக்கறவளுக்குத் தெரிய வேண்டாம், மதிக்க மாட்டா. இந்த வீடு இப்ப என்னுது இல்ல. பையன் கடன்ல மாட்டிக்கிட்டான். கையெழுத்துப் போடும்மான்னான், போட்டுட்டேன். போன வருஷமே வித்தாச்சு. அவங்க விட்டு வெச்சிருக்கறவரைக்கும்தான் நான் மாடியில. வர்ற வாடகை அவங்களுக்குத்தான் போகுது. இப்ப ரெண்டு வீட்டையும் காலி பண்ணணும்னு சொல்லிட்டாங்க."

இத்தனை மாதமாக ஓனரென்று நம்பி இவள் யாருக்குப் பயந்தாளோ, அவளும் குடித்தனக்காரி.

"நீங்கதான் ஒரு வழி சொல்லணும். உங்க வீட்டுல ஒரு ரூம் போதும்க்கா. அந்த மேற்கு ஜன்னல் பக்கம். நான் ஒருத்திதானே, எவ்வளவு இடம் வேணும்?"

என்ன சொல்வாள்? இல்லாத ஜன்னலுக்கு எந்தச் சாவியைக் கொடுப்பாள்? பொய்யென்று சொன்னால் இன்று மாலையே பெட்டி படுக்கை தெருவில். வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆயிரம் தடவை ஆபீசில் சொல்லிச் சிரிக்க வைத்த வாய்.

"தனியா இருக்கற வயசானவங்களுக்கு நாங்க குடுக்கறதில்லம்மா. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது, சொல்லு?"

"அதுவும் சரிதான்க்கா" என்றாள் மாடியம்மா. தலைக்கு மேல் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. போனிலும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளை இவள் எடுக்கவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம். மாடியம்மா கீழே வந்து, முதல் முறையாக இவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, பொண்ணே." குரல் பாதி ஆகியிருந்தது. "நீ பத்து வருஷம் அந்த அக்கா வீட்டுல இருந்தவ. என்னைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதா சொல்லேன்."

"என்ன... எதுக்கும்மா?" கீச்சுக் குரல் இன்னும் மேலே போயிற்று.

மாடியம்மா எல்லாவற்றையும் சொன்னாள். இவள் அப்போதுதான் கேட்பதுபோல வாயில் கை வைத்துக் கேட்டாள்.

"என் நம்பரைப் பாத்தா எடுக்க மாட்டேங்கறாங்க. உன் போன்ல இருந்து கூப்பிடு. நீன்னா எடுப்பாங்க."

"சாயங்காலம் பேசறேம்மா. அவங்க இப்போ தூங்கற நேரம்."

"இல்ல, எனக்குத் தெரியும், இந்நேரம்தான் என்கிட்டப் பேசுவாங்க. நான் நம்பர் சொல்றேன், அடி. ஸ்பீக்கர்ல போடு, நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்."

எழுந்து உள்ளே போக வழியில்லை. மாடியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தது சமையலறை வாசலில். ஒவ்வொரு எண்ணாக அவள் சொல்லச் சொல்ல இவள் அழுத்தினாள். ஒன்றைத் தப்பாக அழுத்தினாள். மாடியம்மா எட்டிப் பார்த்துத் திருத்தினாள்.

அலுமினியக் குக்கருக்குள் போன் 'டர்ர்ர்' என்று நடுங்கியது. மூடி தாளம் போட்டது. கையில் ஒரு போன் 'ட்ரிங் ட்ரிங்' என்றது, உள்ளே ஒன்று 'டர்ர்ர்' என்றது.

"என்னடி அது? அடுப்புல என்ன வெச்சே?" மாடியம்மா திரும்பினாள். இவள் பதறிப் போனை அணைத்தாள். குக்கரும் நின்றது.

மாடியம்மா தன் போனை எடுத்து, தானே அழைத்தாள். குக்கர் மறுபடி நடுங்கியது.

"அக்கா," என்றாள் மாடியம்மா, குக்கரைப் பார்த்து.

இவளுக்கு எந்தக் குரலும் வரவில்லை. இத்தனை மாதமாக விழுங்கிய இருமல்தான் வந்தது. வந்ததும் நிற்கவில்லை. அந்த இருமலை மாடியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப... அந்த வீடு?"

"இல்லம்மா."

"மேற்கு ஜன்னல்?"

"இல்லம்மா."

மாடியம்மா திட்டுவாள் என்று இவள் காத்திருந்தாள். திட்டவில்லை. மெதுவாக எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறிப் போனாள்.

அதற்குப் பிறகு மாடியிலிருந்து ஒரு சொல் இல்லை. மோட்டார் ஓடித் தொட்டி நிறைந்து வழிந்தபோதுகூடக் குரல் இறங்கவில்லை. இவள் ஓடிப்போய் அணைத்துவிட்டு நின்றாள். ஏச்சு வாங்கிப் பழகிய காது வெறிச்சென்று இருந்தது. கணவர் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினார். மகள் தன் புத்தகப் பெட்டியைக் கொண்டுவந்து அவற்றோடு வைத்தாள்.

புரோக்கர் ஒரு வீடு சொன்னார். மூன்று அறை. வாடகை இவர்களால் தனியாகத் தூக்க முடியாதது. "பாத்து வை, வேற யாருக்காவது சொல்லலாம்" என்றார். மாலையில் வீட்டுக்கு வந்தால், வாசற்படியில் மாடியம்மா.

"எனக்கு உன் ஆபீஸ் புரோக்கர் ஒரு இடம் சொன்னாரு. ஓனர் சின்னப் பையன். முந்தின வீட்டு ஓனர் நம்பர் கேக்கறான்." இவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நாப்பது வருஷமா நானே ஓனர். எனக்கு யாருடி ஓனர்? யாரு சொல்லுவா எனக்கு?"

இவளுக்குப் புரிந்தது. எந்த இடம் என்று கேட்டாள். அதே மூன்று அறை வீடு. மாடியம்மாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறார் புரோக்கர், யாராவது ஒருவர் மாட்டட்டும் என்று.

"உங்களுக்கு மூணு ரூம் எதுக்கும்மா?"

"ஒரு ரூமை யாரு தனியாக் குடுக்கறா? எங்க போனாலும் 'குடும்பமா?'ன்னு கேக்கறாங்க. இதையாவது கேட்டுப் பாக்கலாம்னு... பேசறியா?"

இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். குழாய் திறக்கவில்லை, கதவு சாத்தவில்லை. மாடியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வீடு பார்க்க வந்தவள் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. இவள் செருமினாள்.

"ஆமாங்க. எங்க வீட்டுலதான் இருக்காங்க. தங்கமானவங்க. வாடகை ஒரு நாள் தள்ளிப் போனதில்ல." மாடியம்மாவின் உதடு லேசாக அசைந்தது, தானே அதைச் சொல்வதுபோல.

"சரிங்க," என்றான் அந்தப் பையன். "வயசு அறுபத்தெட்டுன்னாரு புரோக்கர். தனியாவா இருக்காங்க? தனியா இருந்தா நாங்க..."

மீதியை அவன் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாக்கியத்தின் மீதி இவளுக்கு மனப்பாடம்.

"தனியா இல்லைங்க," என்றாள் இவள்.

மாடியம்மா நிமிர்ந்தாள்.

"கூட ஒரு குடும்பம் இருக்கு. பொண்ணு, மாப்பிள்ளை. மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். பேத்தி பரீட்சைக்குப் படிக்குது."

"அப்படியா, குடும்பமா! அப்ப சரிங்க. நாளைக்கே எல்லாரையும் வந்து பாக்கச் சொல்லுங்க."

போனை வைத்த பிறகுதான், என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும், ஓனர் காதுபட மாடியம்மாவை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். ஒரே மோட்டார், ஒரே சமையலறை. மாடிப்படிகூட நடுவில் இருக்காது.

"என்னைக் கேக்காம மகளாயிட்டியே," என்றாள் மாடியம்மா.

"வேற வழி தெரியலம்மா."

"எனக்கும் தெரியல." நாற்காலி நுனியிலிருந்து நகர்ந்து, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "மாப்பிள்ளை குறட்டை விடுவாரா? மாடிக்கே கேக்குதே."

"விடுவாரும்மா."

"அப்ப நடு ரூம் எனக்கு வேண்டாம்," என்றாள் மாடியம்மா.